வெள்ளி இரவும் மூன்று மாத்திரைகளும்



விருத்தாசலத்தில் எங்களுக்கு உறவான வீடு ஒன்று உண்டு. சென்ற ஐப்பசி மாதம் ஒரு நிக்காஹை முன்னிட்டு அங்கே நான்கு நாள்கள் தங்க நேர்ந்தது. முதல் நாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்த நேரம், ஒளுச் செய்வதற்காகக் கொல்லைப்புறம் சென்றேன். அவ்வீட்டின் மூத்த பெண் எனக்கு முன்பே குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். வயது 22. குழாயின் தலையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, விரல்களைப் பயன்படுத்தாமல், தோளையே திருப்பி அதைத் திறக்க முயன்றுகொண்டிருந்தாள். நான் ஓடிச் சென்று திறந்துவிட்டேன்.

"நான் முழிச்சுட்டேன் மாமி. விரல்தான் இன்னும் முழிக்கல" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இம்மாதம் உங்களுடன் பேச விரும்புகிறேன். தன் பெயரை எழுதக் கூடாது என்னும் நிபந்தனையோடு, எழுதச் சொன்னவளும் அவளே.

அவள் பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவள். விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அருகே நெய்வேலிச் சுரங்கத்தில் வெண்களிமண் கிடைத்தது இத்தொழில் அவ்வூரில் வேர்விட ஒரு காரணம். செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கே உண்டு. வீட்டு மின்பெட்டியில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் முதல், ஷோகேஸில் வைக்கும் பொம்மை வரை அங்கிருந்து வருகின்றன. களிமண் குழம்பை அச்சில் ஊற்றுவார்கள். இறுகியதும் எடுத்து, அச்சின் இணைப்புக் கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்து, சூளைக்கு அனுப்புவார்கள். இவள் அதற்குப் பின்னர் வரும் வேலையைச் செய்பவள். பொம்மைக்குக் கண் எழுதுவதில் அவளுக்கு இணை அந்தக் கூடத்தில் இல்லை என்று அவளுடைய அத்தா பெருமையாகச் சொல்வார். மெல்லிய தூரிகையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் புருவம் தீட்ட வேண்டும். அந்தப் பிடியைத்தான் நோய் முதலில் பறித்தது.

ஓராண்டுக்கு முந்தைய மழைக்காலத்தில் தொடங்கியது அது. காலையில் எழுந்தால் இரண்டு கைகளிலும் விரல்கள் புறங்கையோடு சேரும் முட்டிகள் வீங்கியிருக்கும். கையை மூட முடியாது. வெயில் ஏறிய பிறகு மெல்ல மெல்ல இளகும். பகலில் ஆள் நன்றாகவே இருப்பாள். "ஈர மண்ணில் கை வைத்தால் வராமல் என்ன செய்யும்?" என்றார்கள் வேலை செய்யும் இடத்தில். "சிக்குன்குனியாவாக இருக்கும்" என்றார்கள் தெருவில். 2006 இல் தமிழகத்தையே முடக்கிப் போட்ட அந்தக் காய்ச்சலை யார் மறப்பார்? அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலித்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் இவளுக்குக் காய்ச்சலே வரவில்லை. அதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்றாள். பிறகு யாரோ சொல்லி, பொட்டலமாகக் கட்டி விற்கும் ஒரு பொடியை அத்தா வாங்கி வந்தார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆறு வாரத்தில் பெண்ணின் முகம் உப்பி வட்டமானது. பொடி தீர்ந்த மறுநாளே வலி இரு மடங்காகத் திரும்பியது. பெயரில்லாத இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நாட்டில் பலமுறை கண்டறியப்பட்ட உண்மை. அளவு தெரியாமல், காலம் தெரியாமல் அதை உண்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றுச் சுவரில் நடப்பதற்கு ஒப்பாகும். இப்படியாக எட்டு மாதங்கள் வீணாகக் கழிந்தன.

எட்டு மாதம் என்று இலேசாகச் சொல்லிவிட்டேன். இந்நோயில் முதல் மூன்று மாதம், ஆறு மாதம் என்பவை பொன்னான காலம். அதற்குள் தகுந்த மருந்து தொடங்கினால் மூட்டு சிதையாமல் காக்கும் வாய்ப்பு மிக அதிகம். சிதைந்த எலும்பை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க இயலாது.

நோயின் பெயர் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தமிழில் முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் எழுதுகிறார்கள். அந்த முதற்பெயரைக் கேட்டவுடன் அவளுடைய தாயார் அழுதுவிட்டாராம். பக்கவாதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டவர்களும் வீட்டில் உண்டு. முதியோருக்கு முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு, இது வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவற்படை, தவறுதலாக மூட்டின் உட்சவ்வையே பகைவன் என்று கருதித் தாக்குகிறது. பெரும்பாலும் இரு கைகளிலும் ஒரே இடத்தில், சிறு மூட்டுகளில் வரும். விரலின் நுனி மூட்டு பெரும்பாலும் தப்பிவிடும். காலை விறைப்பு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இருபது வயதிலும் வரும், நாற்பதிலும் வரும், எழுபதிலும் வரும். "இந்த வயசுல உனக்கென்ன மூட்டு வலி?" என்று இனி யாரையும் கேட்காதீர்கள்.

ஒரு வழியாக உள்ளூர் மருத்துவர் ஒருவர் அவளுடைய கைகளை இலேசாக அழுத்திப் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, மூட்டுவாத நிபுணரிடம் போகச் சொன்னார். விருத்தாசலத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி பேருந்துத் தொலைவுதான். அங்கே ஜிப்மரில் இத்தகைய நோய்களுக்கென்றே நோய் எதிர்ப்பியல் துறை இயங்குகிறது. சென்னையில் இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்று தனி நிலையமே உண்டு. எலும்பு முறிவு மருத்துவரிடம் போவதா, பொது மருத்துவரிடம் போவதா என்று திண்டாடும் குடும்பங்கள் "ருமட்டாலஜி" என்னும் சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மருந்து தொடங்குவதற்கு முன் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கல்லீரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள், மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஆகியவற்றுக்கும் பரிசோதனை செய்தார்கள். இவ்வளவு எதற்கு என்று அத்தாவுக்குச் சலிப்பு. எதற்கு என்பது மருந்தின் வரலாற்றைக் கேட்டால் புரியும்.

மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். இதன் பின்னால் நம்மவர் ஒருவர் இருக்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895 இல் பீமவரத்தில் பிறந்தவர்; நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதராடை அணிந்தமைக்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். 1923 இல் அமெரிக்கா சென்று, பின்னர் லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினை 1945 இல் அக்குழு செயற்கையாக உருவாக்கியது. அதன்பின் அதே வைட்டமினைப் போல வேடமிட்டு, உயிரணுக்கள் அதைப் பயன்படுத்தவொட்டாமல் தடுக்கும் பொருள்களையும் அக்குழுவே உருவாக்கிற்று. அவற்றில் ஒன்றே மெத்தோட்ரெக்சேட். இரத்தப் புற்றுநோய்க்குத்தான் முதலில் பயன்பட்டது. மூட்டுவாதத்துக்கு மிகச் சிறிய அளவில், வாரம் ஒருமுறை கொடுத்தால் காவற்படையின் வெறி தணிகிறது என்பது பின்னர் உறுதிப்பட்டு, 1988 இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. சுப்பாராவோ 1948 ஆகஸ்டிலேயே, 53 வயதில் மறைந்துவிட்டார். அவர் படித்த கல்லூரியின் மருத்துவமனையில் இன்று அவருடைய குழுவின் மருந்தை வாங்க வரிசையில் நிற்கிறார்கள்.

இம்மருந்தை உண்போருக்கு அதன் தீங்கைக் குறைக்க ஃபோலிக் அமிலமும் கொடுக்கிறார்கள். பூட்டும் ஒரே பட்டறை, சாவியும் ஒரே பட்டறை!

இங்கேதான், சகோதரிகளே, நான் தலைப்பில் சொன்ன செய்தி வருகிறது. தயவுசெய்து இப்பகுதியை வீட்டில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் உண்ண வேண்டிய மருந்து. இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போல எண்ணி நாள்தோறும் உண்டுவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் வீழ்ந்து, உயிரிழந்தவர்கள் உண்டு. பல நாட்டு மருத்துவ ஏடுகளிலும் அத்தகைய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. 2019 இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தத் தவறைத் தடுப்பதற்கென்றே உறையில் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. நோயாளிக்குத் தனி அட்டை கொடுக்கவும் ஏற்பாடு செய்தது.

இவ்வீட்டார் எச்சரிக்கையானவர்கள்தாம். "எந்தக் கிழமை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மறக்காத நாள் என்று வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, "வெள்ளி இரவு" என்று நாள்காட்டியில் தாயார் எழுதி வைத்தார். பெண்ணின் விரல்களால் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க இயலாது. ஆகவே வீட்டில் யாராவது பிதுக்கி அவளுடைய உள்ளங்கையில் வைப்பார்கள். வைத்ததை அவள் விழுங்கிவிடுவாள். ஸ்டீராய்டு, கால்சியம், ஃபோலிக் அமிலம் என்று நாலைந்து வகை இருந்ததால், எது எதுவென்று அவள் பார்ப்பதில்லை. மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் அமிலமும் இரண்டுமே சிறிய மஞ்சள் மாத்திரைகள் வேறு.

இரண்டாவது வாரம். வெள்ளிக்கிழமை இரவு உணவு முடிந்து, தாயார் அட்டையை எடுத்து மூன்று மாத்திரைகளைப் பிதுக்கப் போனார். முன்வாரத்துக்கு மூன்று குழிகள் காலியாக இருக்க வேண்டிய அட்டையில் ஆறு குழிகள் காலி.

அடுப்படியிலிருந்து நன்னி நிதானமாகச் சொன்னார்: "நேத்து ராவுதானே வெள்ளி ராவு. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

நன்னி சொன்னதில் பிழையேதும் உண்டா? மஃக்ரிபோடு நாள் பிறக்கிறது என்பது நம் கணக்கு. யாஸீன் ஓதும் வெள்ளி இரவு நம் வீடுகளில் வியாழன் மாலை தொடங்குவதுதானே! நாள்காட்டி ஒரு கணக்கு, நன்னி ஒரு கணக்கு. இரண்டும் ஒரே வீட்டில். அன்று தாயாரின் கண்ணில் அந்த ஆறு குழிகள் படாமல் போயிருந்தால், அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இரண்டு வாரத்து மருந்து அப்பெண்ணின் வயிற்றுக்குள் போயிருக்கும். வேறு எந்த ஏட்டிலும் இந்த எச்சரிக்கையை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து இது.

மறுவாரம் மருத்துவரைக் கேட்டு, சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றிக்கொண்டார்கள். பகலுக்கு இரண்டு கணக்கு கிடையாது. மறுநாள் குமட்டலோ அசதியோ வந்தாலும் ஞாயிறு விடுமுறை. மருந்து அட்டை இப்போது தாயாரின் பீரோவில் தனியாக இருக்கிறது. கொடுத்தவுடன் நாள்காட்டியில் ஒரு வட்டம் போடுவார்கள். ஃபோலிக் அமிலம் வேறு டப்பாவில், வேறு அலமாரியில். அவ்வளவுதான் ஏற்பாடு.

இன்னொன்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள். சளி, சிறுநீர்த் தொற்று என்று மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கோட்ரைமாக்சசோல் என்னும் சல்ஃபா மாத்திரை மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் எலும்பு மச்சையையே ஒடுக்கிவிடக்கூடும். காய்ச்சல், வாய்ப்புண், புதிதாக வறட்டு இருமல், மூச்சிரைப்பு இவற்றுள் எது வந்தாலும் அந்த வார மாத்திரையை உண்ணும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். முதல் சில மாதங்களில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை இருக்கும். அதைச் செலவென்று தள்ளிப்போடலாகாது.

நான் அங்கே தங்கியிருந்தபோது அவளுக்கு ஆறாவது வாரம். இந்த மருந்தில் மிகக் கடினமான காலம் அதுதான். உண்ட அன்றே வலி போகும் மருந்தன்று இது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குள் தலைமுடி கொட்டுகிறது, சனிக்கிழமை சோறு இறங்கவில்லை, விரலோ அப்படியே இருக்கிறது. "தின்னா மட்டும் என்ன கிழிச்சுது?" என்று அவள் ஒரு சனிக்கிழமை மாத்திரையைத் தட்டிவிட்டாளாம். தாயார் குனிந்து பொறுக்கினாராம். இருவரும் பேசவில்லையாம். மாலையில் அவளே கேட்டு வாங்கி உண்டாளாம். பொடி கொடுத்தவன் மூன்று நாளில் வலியைப் போக்கினானே, படித்த மருத்துவர் ஏன் மூன்று மாதம் கேட்கிறார் என்று அத்தாவின் மனத்தில் ஓடுவது எனக்குத் தெரிந்தது.

அதற்கும் ஒரு பழைய விடை இருக்கிறது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், இதே நோயால் படுக்கையில் புரளவும் முடியாதிருந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்கு பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர் முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தினார். சில நாள்களில் அப்பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது, 1950 இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு. ஆனால் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பியது. நிறுத்தாவிட்டால் முகம் உப்பியது, எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது. ஆகவே இன்றைய மருத்துவர்கள் ஸ்டீராய்டை மெத்தோட்ரெக்சேட் பலன் தரும் வரைக்குமான தற்காலிகப் பாலமாக மட்டும், குறைந்த அளவில் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். அதையும் திடீரென்று நாமாக நிறுத்தலாகாது.

காலை நேரமே இந்நோயின் கொடுமையான நேரம். நம் இளம்பிள்ளைக்கு அது சுப்ஹு நேரமாகவும் அமைந்துவிடுகிறது. ஸுஜூதில் உள்ளங்கை ஊன்றினால் மணிக்கட்டு வலிக்கிறது. அத்தஹிய்யாத்து இருப்பில் வலக்கால் விரல்களை மடித்து நட்டுவைக்கும்போது, நோய் எந்த மூட்டைப் பற்றியிருக்கிறதோ அதே மூட்டின் மேல்தான் உடலின் பாரம் இறங்குகிறது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்னும் சலுகை நமக்குத் தெரியும். முதியவர் நாற்காலியில் அமர்ந்து தொழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 22 வயதுப் பெண் அமர்ந்தால் வீட்டுக்கு வந்த உறவினர் கண்களால் அளக்கிறார்கள். நிக்காஹ் வீட்டில் நானே பார்த்தேன். "சின்னப் புள்ள, நல்லாத்தானே நடந்து வந்தா?" என்றார் ஒருவர். நடந்து வந்தாள்தான். நண்பகலில் வந்தாள். இந்நோய் வெளியே தெரிவதில்லை. இதன் ஒரு பாதி துன்பம் அதுவே. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் பட்டம் வென்ற கரோலின் வோஸ்னியாக்கி, அதே ஆண்டு தமக்கு இந்நோய் இருப்பதை வெளியிட்டபோது அவருக்கு வயது 28. உலகிலேயே திடகாத்திரமான பெண்களில் ஒருவர் அவர். பார்த்தால் தெரிந்ததா?

அவ்வீட்டில் இப்போது காலையில் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் தயாராக இருக்கிறது. பத்து நிமிடம் கையை அதில் வைத்து மூடித் திறந்தால் விறைப்பு இளகுகிறது, ஒளுவும் அதிலேயே. திருகு குழாயை மாற்றி, நெம்புகோல் போன்ற கைப்பிடி வைத்த குழாய் போட்டார் அத்தா. முக்காட்டுக்குக் குத்தும் ஊசியை அவளால் அழுத்த முடியவில்லை. தங்கை அழுத்திவிடுகிறாள், இருவருக்கும் தினம் ஒரு சண்டையும் அதில் அடக்கம். இடியாப்ப உரலைத் திருகுவது, துணி பிழிவது, தேங்காய் துருவுவது மூன்றும் அவளுடைய கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. கரண்டிக் காம்பிலும் கத்திப் பிடியிலும் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கியிருக்கிறார்கள். பிடி எவ்வளவு பருமனோ, விரல் மூட்டுக்கு அவ்வளவு சுமை குறைவு. குடத்தை விரலால் தூக்காமல் முன்கையால் அணைத்துத் தூக்குகிறாள். தூரிகைக்கும் அதே உபாயம்தான். சைக்கிள் கைப்பிடி ரப்பரை வெட்டிக் காம்பில் மாட்டிக்கொண்டாள்.

ஓய்வு என்ற பெயரில் கையைக் கட்டிப்போட வேண்டியதுமில்லை. பிரிட்டனில் 490 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2015 இல் வெளிவந்தது. மருந்தோடு கைக்கென்று வகுத்த பயிற்சிகளையும் செய்தவர்களின் கைகள், செய்யாதவர்களின் கைகளைவிட நன்றாக இயங்கின. மூட்டு கடுமையாக வீங்கிச் சிவந்திருக்கும் நாளில் ஓய்வு. மற்ற நாள்களில் இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி.

ரமளானைப் பற்றியும் கேட்டாள். வாரம் ஒருமுறை உண்ணும் மாத்திரைகளை நோன்பு திறந்த பிறகு உண்பதில் சிரமமில்லை. காலையில் உண்ணும் ஸ்டீராய்டை ஸஹரோடு சேர்த்துக்கொள்ளலாமா, அல்லது நோன்பையே பிற்படுத்த வேண்டுமா என்பதை ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுமாறு சொன்னேன். நோயாளிக்கு வழங்கப்பட்ட சலுகையைப் பயன்படுத்துவதில் வெட்கமென்ன?

நலம் விசாரிக்க வருவோர் ஆளுக்கொரு பத்தியம் சொல்லிச் செல்கிறார்கள். உருளைக்கிழங்கு வாயு, புளி கூடாது, மாட்டிறைச்சிதான் காரணம் என்று. எந்த ஓர் உணவும் இந்நோயைக் கொண்டுவருவதுமில்லை, எந்தப் பத்தியமும் இதைப் போக்குவதுமில்லை. கருஞ்சீரகம் தின்ன வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டு அதைத் தின்ன வேண்டாம் என்பேன். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் மருந்துக்கு மாற்றாக ஏற்பட்டவை அல்ல.

விருத்தாசலத்தார் கேட்கும் கேள்வி வேறு. களிமண்தான் காரணமா? ஈரக் களிமண்ணைத் தொடுவதால் இந்நோய் வருவதில்லை. ஆனால் கல்லிலும் மண்ணிலும் உள்ள சிலிக்காத் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்கு நுரையீரல் நோய் வரும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஸ்வீடன் நாட்டு ஆய்வுகள், அத்தகைய ஆண்களுக்கு முடக்குவாதமும் கூடுதலாக வருவதையும், புகைபிடிப்பவராக இருந்தால் ஆபத்து இன்னும் மிகுவதையும் காட்டியிருக்கின்றன. இரண்டாண்டு வண்ணம் தீட்டிய பெண்ணுக்கு அதுதான் காரணம் என்று எவரும் சொல்ல இயலாது. எனினும் கூடத்தின் தரையை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும், பீடியை விடுவதும் எல்லோருக்கும் நன்மை.

இனி, அவள் கேட்கத் தயங்கியதும் தாயார் இரவில் என்னிடம் கேட்டதுமான விஷயம். பக்கத்து ஊரிலிருந்து நல்ல இடம் ஒன்று பேச்சில் இருந்தது. மறைத்துவிடலாமா என்றார். "விரல் வீக்கம் நிக்காஹுக்குள் வடிந்துவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவருடைய உறவினர் சிலர் யோசனை சொல்லியிருந்தார்களாம்.

நான் நீதி சொல்லவில்லை. ஒரே ஒரு மருத்துவச் செய்தியைச் சொன்னேன். மெத்தோட்ரெக்சேட் உண்ணும் பெண் கருத்தரிக்கவே கூடாது. அது கருவைச் சிதைக்கும்; குழந்தைக்குப் பெருங்குறை உண்டாக்கும். குழந்தை வேண்டும் என்று எண்ணும்போது, மருத்துவர் சொன்னபடி சில மாதங்களுக்கு முன்பே அதை நிறுத்தி, கர்ப்பத்துக்கு ஏற்ற வேறு மருந்துக்கு மாற வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. ஆக, கணவனுக்குத் தெரியாமல் இந்த மருந்தை உண்ணவும் முடியாது, அவனுக்குத் தெரியாமல் நிறுத்தவும் முடியாது. மறைத்து முடிக்கும் நிக்காஹில் முதல் மாதமே அவள் மாத்திரையை விட்டாக வேண்டும், அல்லது கருவை ஆபத்தில் வைத்தாக வேண்டும். குழந்தை பிறக்காது என்று யாரேனும் சொன்னால் அதுவும் தவறு. நான் முன்னே குறிப்பிட்ட வோஸ்னியாக்கி 2021 இல் ஒரு மகளையும் 2022 இல் ஒரு மகனையும் பெற்று, 2023 இல் மீண்டும் களத்தில் இறங்கி ஆடினார்.

கதவுக்கு அப்பால் பெண் விழித்திருந்தாள் போலும். மறுநாள் காலை அத்தாவிடம் அவளே சொன்னாள்: "மருந்துச் சீட்டையும் சேர்த்துக் காட்டிடுங்க அத்தா. வேணாம்னா வேணாம்."

மார்கழியில் மீண்டும் விருத்தாசலம் போயிருந்தேன். பதினான்காவது வாரம். காலை விறைப்பு இருபது நிமிடமாகக் குறைந்திருந்தது. ஸ்டீராய்டு ஏறத்தாழ நின்றுவிட்டது. வேலைக்கு அரை நாள் போகிறாள். புருவத்தை இன்னும் மற்றொருத்திதான் தீட்டுகிறாள், இவள் புடவைக் கரையோடு நிறுத்திக்கொள்கிறாள். சில நாள் சுப்ஹு நின்றபடி, சில நாள் நாற்காலியில். மாப்பிள்ளை வீட்டார் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, தங்கள் ஊர் மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதில் வரவில்லை.

நான் போன நாள் சனிக்கிழமை. லுஹர் தொழுது, சாப்பிட்டு முடிந்ததும் தாயார் பீரோவைத் திறந்து அட்டையை எடுத்தார். அவள் கை நீட்டி அட்டையையே வாங்கிக்கொண்டாள். முதல் மாத்திரை வர நேரமாயிற்று. இரண்டாவது தெறித்துப் பாய்க்கு அடியில் ஓட, தங்கை தேடி எடுத்தாள். மூன்றாவதையும் பிதுக்கிவிட்டு, நன்னியின் முன்னால் உள்ளங்கையை விரித்து எண்ணிக் காட்டிவிட்டு விழுங்கினாள். நாள்காட்டியில் வட்டம் போட்டது நன்னி.